‘அங்கேயா?’ என்று கேட்டவர்களுக்கு

சென்ற பொங்கல் விழாவில் நான் ஒரு பொய் சொன்னேன். சிகாகோவின் மேற்குப் புறநகரில், ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு அறையை வாடகைக்கு எடுத்து நடந்த விழா. சர்க்கரைப் பொங்கலுக்கு வரிசையில் நிற்கும்போது எனக்கு முன்னால் நின்ற அக்கா திரும்பி என் மகனைப் பார்த்து, “தம்பி எந்த காலேஜ்?” என்று கேட்டார். “யு.ஐ.சி., ஆன்ட்டி” என்றான். “அங்கேயா?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, துக்க வீட்டில் விசாரிப்பதுபோலக் குரலைத் தாழ்த்தி, “ஏம்மா, அர்பானா கிடைக்கலையா?”

“கிடைச்சுது அக்கா. இவன்தான் வீட்டுக்குப் பக்கத்துல இருக்கேன்னு சொல்லிட்டான்” என்றேன்.

கிடைக்கவில்லை. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் காகிதத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டுக்குத் திரும்பும்போது காரில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: “அம்மா, நீயும் அங்கதானே படிச்ச?”

ஆமாம், நானும் அங்கேதான் படித்தேன். 2004-லிருந்து மூன்று ஆண்டுகள், பகலில் வேலை, மாலையில் வகுப்பு. இந்தக் கட்டுரையை அந்தப் பொய்க்கான பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

வேறு நாடுகளில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். இல்லினாய் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மூத்த வளாகம் அர்பானா-ஷாம்பெயினில் இருக்கிறது. சிகாகோவிலிருந்து ஏறத்தாழ 220 கிலோமீட்டர் தெற்கே, சோளக்காட்டு நடுவில். பொறியியலுக்குப் பேர்போனது. நம்மவர்கள் ‘அர்பானா’ என்று சொல்லும்போது குரலில் ஒரு நெய்வாசனை வரும். ‘சிகாகோ பல்கலைக்கழகம்’ என்பது வேறு. ராக்ஃபெல்லரின் பணத்தில் 1890-ல் தொடங்கிய தனியார் நிறுவனம். ஏ.கே. ராமானுஜன் சங்கப் பாடல்களை மொழிபெயர்த்தபடி முப்பதாண்டுகள் பாடம் நடத்திய இடம் அது. மூன்றாவது ஒன்று இருக்கிறது: சிகாகோ நகருக்குள், நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடத்தில், ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து படிப்பவர்களுக்கான அரசுப் பல்கலைக்கழகம். சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகம், சுருக்கமாக யு.ஐ.சி. இந்த மூன்றாவதைச் சொல்லும்போதுதான் நம் பெற்றோர்கள் தொண்டையைச் செருமிக்கொள்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்களுக்குப் படிப்புச் செலவை அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டது. பணம் வந்தது, இடம் இல்லை. 1946-ல் இல்லினாய் பல்கலைக்கழகம் சிகாகோவில் ‘நேவி பியர்’ என்ற துறைமேடையில் இரண்டாண்டுப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. மிச்சிகன் ஏரிக்குள் அரை மைலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மேடை அது. போர்க்காலத்தில் கடற்படை பயிற்சிக்குப் பயன்படுத்திய கொட்டகைகள்தான் வகுப்பறை. ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போக அந்த நீளத்தை ஓடியே கடக்க வேண்டும். சிகாகோவின் ஜனவரிக் காற்றில் ஏரிக்கரையில் ஒருமுறையாவது நின்றவர்களுக்கு அது என்னவென்று தெரியும். படித்தவர்கள் பெரும்பாலும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டோடு வருவார்கள், மாலையில் வேலைக்குப் போவார்கள். அவர்களே தங்கள் கல்லூரிக்கு வைத்துக்கொண்ட பட்டப்பெயர் ‘ஹார்வர்டு ஆன் தி ராக்ஸ்’, பாறைமேல் ஹார்வர்டு. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். ஹார்வர்டுக்கு நாம் பின்னால் வரவேண்டியிருக்கிறது.

இரண்டாண்டு முடிந்தால் பட்டம் கிடையாது. மீதிக்கு அர்பானா போக வேண்டும். அங்கே விடுதி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் காசு. எத்தனையோ பேருக்குப் படிப்பு அந்தத் துறைமேடையிலேயே முடிந்துபோனது. சிகாகோவுக்கு முழுமையான நான்காண்டுப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை அங்கேதான் பிறந்தது. அது நியாயமான கோரிக்கை. அந்த நியாயம் நிறைவேறிய விதம்தான் நியாயமில்லை. யு.ஐ.சி.யைப் புகழ வருகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். நான் தாண்டப் போவதில்லை.

எங்கே கட்டுவது என்று பல ஆண்டு இழுபறி. நகரின் மேற்கே கார்ஃபீல்டு பார்க் மக்கள் எங்கள் பகுதிக்கு வாருங்கள் என்று வருந்தி அழைத்தார்கள். நகர மையத்துக்குத் தெற்கே இருந்த ரயில் யார்டுகள் பேசப்பட்டன. ரயில் கம்பெனிகள் அசையவில்லை. 1961-ல் மேயர் ரிச்சர்டு டேலி ஒரு முடிவு எடுத்தார்: ஹாரிசன் தெருவும் ஹால்ஸ்டெட் தெருவும் சந்திக்கும் பகுதி. இத்தாலியர், கிரேக்கர், மெக்சிகர், கறுப்பினத்தவர் என்று அடுத்தடுத்து வந்த ஏழைகள் குடியிருந்த இடம். நகரப் புனரமைப்புக்கென்று மத்திய அரசின் பணம் ஏற்கெனவே அந்த நிலத்துக்கு ஒதுங்கியிருந்தது. புது வீடுகள் வரப்போகின்றன என்றுதான் அங்கிருந்தவர்களிடம் அதுவரை சொல்லியிருந்தார்கள். மக்களே கூடித் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பேப்பரைப் பார்த்துத்தான், வரப்போவது வீடு இல்லை, புல்டோசர் என்று தெரிந்தது.

எதிர்த்து நின்றவர்களில் முன்னால் இருந்தவர் ஃப்ளாரன்ஸ் ஸ்காலா. டெய்லர் தெருவில் தையற்கடை வைத்திருந்த இத்தாலியக் குடியேறியின் மகள். அந்தப் பகுதியின் பெண்களைத் திரட்டி மேயர் அலுவலகத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்தார். அவர் வீட்டில் குண்டு வெடித்தது. அவர் நிற்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1963-ல் தோற்றது. அவரோடு கடைசிவரை நின்ற ஜெஸ்ஸி பின்ஃபர்டுக்கு அப்போது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. வாழ்நாளின் பெரும்பகுதியை ‘ஹல் ஹவுஸ்’ என்ற இல்லத்தில் கழித்தவர்.

அந்த இல்லத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 1889-ல் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் தொடங்கியது. குடியேறிகளின் குழந்தைகளுக்குப் பாலர் வகுப்பு, பெரியவர்களுக்கு இரவில் ஆங்கிலம், குளிக்க இடம், நாடகம், இசை. அங்கே வாழ்ந்த ஃப்ளாரன்ஸ் கெல்லியின் உழைப்பால்தான் 1893-ல் இல்லினாயின் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. பெண்களுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று சொன்ன சட்டம். 1931-ல் ஆடம்ஸுக்கு அமைதிக்கான நோபல் பரிசு. பதின்மூன்று கட்டடங்களாக வளர்ந்திருந்த அந்த வளாகத்தில் இரண்டைத் தவிர எல்லாம் இடிக்கப்பட்டன. மிஞ்சிய இரண்டும் இன்று பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகம். குடியேறிகளுக்குப் பாடம் சொன்ன இடத்தை இடித்துவிட்டு, குடியேறிகளுக்குப் பாடம் சொல்ல ஒரு பல்கலைக்கழகம். பல ஆயிரம் பேரின் வீடுகளும் நூற்றுக்கணக்கான கடைகளும் போயின.

1965 பிப்ரவரியில் வளாகம் திறந்தது. நெடுஞ்சாலைகள் வட்டமாகப் பின்னிக்கொள்ளும் சந்திப்பின் பெயரையே அதற்கும் வைத்தார்கள்: ‘சிகாகோ சர்க்கிள்’. வால்டர் நெட்ச் என்ற கட்டடக் கலைஞர் கான்கிரீட்டிலும் கருங்கல்லிலும் ஒரு கோட்டையை எழுப்பினார். 28 மாடி நிர்வாகக் கட்டடம் கீழே ஒடுங்கி மேலே அகலமாக இருக்கும்; தலைக்கனம் பிடித்தவர்களுக்குப் பொருத்தமான அலுவலகம் என்று எங்கள் வகுப்பில் ஒருவர் சொல்வார். தரைக்கு மேலே ஒரு மாடி உயரத்தில் வளாகம் முழுக்க நடைபாலங்கள் இருந்தன. நான் சேர்வதற்கு முன்பே, 1990களில் அவற்றை இடித்துவிட்டார்கள். பழைய மாணவர்கள் அந்தப் பாலங்களைத் திட்டிக்கொண்டே ஏக்கத்தோடு பேசுவார்கள். 1982-ல் சர்க்கிள் வளாகமும், மேற்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே மருத்துவமும் மருந்தியலும் சொல்லிக்கொடுத்துவந்த மருத்துவ வளாகமும் ஒன்றாகி, இன்றைய யு.ஐ.சி. உருவானது.

அப்படியானால் அது ஏழைகளிடமிருந்து பறித்த நிலத்தில் நிற்கும் பல்கலைக்கழகம்தானே, இதற்கு ஏன் நீ வக்காலத்து வாங்குகிறாய் என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. என் வாதமே அங்கிருந்துதான் புறப்படுகிறது. யாருடைய வீட்டை இடித்துக் கட்டினார்களோ, அவர்கள் போன்றவர்களின் பிள்ளைகளை உள்ளே எடுத்து, படிக்கவைத்து, பட்டத்தோடு வெளியே அனுப்புவது ஒன்றுதான் இந்தக் கடனை அடைக்கும் வழி. வேறு வழி இல்லை. கதவைத் திறந்து வைத்திருப்பதுதான் வட்டி கட்டுவது. ‘அங்கேயா? அங்கேதான் எல்லாரையும் எடுத்துக்கொள்வார்களே’ என்று நாம் முகம் சுளிக்கிறோமே, அந்த எடுத்துக்கொள்வதுதான் அதன் மானம்.

அந்தக் கடனை ஒழுங்காகக் கட்டிவந்ததா? பாதிதான். லத்தீன் மாணவர்கள் 1973-ல் நிர்வாகக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து போராடிக் கைதான பிறகுதான் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவும் தாங்கிப்பிடிக்கவும் திட்டங்கள் வந்தன. இன்று ஏறத்தாழ 33,000 மாணவர்கள். இளநிலையில் மூன்றில் ஒருவர் லத்தீன் வம்சாவளி. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான மத்திய அரசின் பெல் உதவித்தொகை வாங்குபவர்கள் சுமார் பாதி. வீட்டில் முதல்முறையாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள் ஏராளம். ஆனால் நகர மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவாக இருக்கும் கறுப்பினத்தவர், இளநிலை மாணவர்களில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பாக்கி நிறைய இருக்கிறது.

புதுக் கடனும் வாங்கியது. வளாகத்துக்குத் தெற்கே மாக்ஸ்வெல் தெருச் சந்தை. யூதக் குடியேறிகள் தள்ளுவண்டியில் தொடங்கியது, பிறகு தெற்கிலிருந்து வந்த கறுப்பின மக்களின் சந்தையானது. மடி வாட்டர்ஸும் லிட்டில் வால்டரும் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவில் நின்று வாசித்த இடம்; சிகாகோ ப்ளூஸ் மின்சாரக் கிடாரோடு வளர்ந்த இடம் என்று சொன்னால் மிகையில்லை. பல்கலைக்கழகம் விரிவாகவேண்டும் என்று 1994-ல் அந்தச் சந்தையை அங்கிருந்து கிளப்பினார்கள். இப்போது அங்கே விடுதிகளும் நல்ல விலை போகும் வீடுகளும் இருக்கின்றன. பழைய கடை முகப்புகள் சிலவற்றைப் பெயர்த்துப் புதுக் கட்டடங்களில் ஒட்டிவைத்திருக்கிறார்கள், மாடு போனபின் கழுத்து மணியை மாட்டிவைத்ததுபோல.

நான் படித்தது பொதுச் சுகாதாரம். ப்ளூ லைன் ரயிலில் இறங்கி, ஸ்காலாவின் டெய்லர் தெருவில் நடந்து வகுப்புக்குப் போவேன். அந்தப் பெயர் அப்போது எனக்குத் தெரியாது. அதே தெருவில், தான் பிறந்து வளர்ந்த கட்டடத்தில், 1980களில் அவர் ஒரு உணவகம் நடத்தினார் என்பதும், நான் படித்து முடித்த 2007-ல்தான் இறந்தார் என்பதும் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை. என் வகுப்பில் இரவுப் பணி முடித்து வரும் மெக்சிக நர்ஸ் ஒருவர், டாக்சி ஓட்டும் எத்தியோப்பியர் ஒருவர், ஓய்வுபெற இரண்டாண்டு இருக்கும் பள்ளி ஆசிரியை ஒருவர். நான் திருநெல்வேலியில் ஒரு அரசு கல்லூரியில் விலங்கியல் முடித்துவிட்டுக் கல்யாணமாகி வந்தவள். ஆங்கிலத்தில் கேள்வி கேட்கவே முதல் ஆண்டு முழுக்கக் கூச்சம். அந்த வகுப்பில் யாரும் யாரையும் ‘எங்கே படித்தாய்’ என்று கேட்டதில்லை. எந்த ரயில் பிடிக்கவேண்டும் என்றுதான் கேட்பார்கள்.

அந்தத் துறையில்தான் கேரி ஸ்லட்கின் இருந்தார். ஆப்பிரிக்காவில் கொள்ளைநோய்களோடு மல்லுக்கட்டிவிட்டுச் சிகாகோ திரும்பியவர். துப்பாக்கிச் சூடும் தொற்றுநோய்போலத்தான் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுகிறது, அந்தச் சங்கிலியை இடையில் அறுக்கவேண்டும் என்று சொல்லி, முன்னாள் கும்பல் ஆட்களையே சமரசம் செய்யத் தெருவுக்கு அனுப்பினார். 2000-ல் அந்தத் திட்டம் முதலில் இறங்கிய பகுதி எது தெரியுமா? மேற்கு கார்ஃபீல்டு பார்க். பல்கலைக்கழகத்தை எங்களுக்குத் தாருங்கள் என்று கேட்டுக் கிடைக்காமல்போன அதே கார்ஃபீல்டு பார்க் வட்டாரம். நாற்பது ஆண்டு கழித்துப் பல்கலைக்கழகம் அங்கே போனது, பிணங்களை எண்ணுவதற்குப் பதில் குறைப்பதற்கு. இந்தத் திட்டம் எல்லா இடத்திலும் ஒரேமாதிரி பலன் தந்ததா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள், வாதிடட்டும். நகரத்தின் நோயைத் தன் நோயாக எடுத்துக்கொண்ட பல்கலைக்கழகம் அது.

வேதியியல் துறையில் அருண் கோஷ் என்ற வங்காளி விஞ்ஞானி இருந்தார். மற்ற மருந்துகளுக்கு மசியாத எச்.ஐ.வி. கிருமியையும் பிடிக்கும் ‘தருணாவிர்’ அவருடைய ஆய்வகத்தில் பிறந்தது; 2006-ல் அனுமதி பெற்று, உலகெங்கும் நோயாளிகளுக்குப் போகிறது. ‘லோக்கல் காலேஜ்’ என்கிறோமே, அதில் நடந்த வேலை.

இனி நம் கதைக்கு வருகிறேன். 2015 ஜூலையிலிருந்து 2017 ஜூலை வரை, ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் இடையிலான சண்டையில் இல்லினாய் மாநிலம் முழுமையான பட்ஜெட் இல்லாமல் ஓடியது. அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் நின்றது. ஏழை மாணவர்களுக்கு மாநிலம் தருவதாகச் சொன்ன உதவித்தொகை வராமல் இழுத்தது. நகரின் தெற்குப் பகுதியில் கறுப்பின மாணவர்கள் அதிகம் படிக்கும் இன்னொரு அரசுப் பல்கலைக்கழகம் மூடப்படும் நிலைக்கே வந்தது. அதே இரண்டு ஆண்டுகள், நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்குப் பணம் திரட்டிக்கொண்டிருந்தோம். விருந்து, கச்சேரி, ஏலம். நானும் 101 டாலர் கொடுத்தேன். ஆகவே இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. 2018-ல் 60 லட்சம் டாலர் சேர்ந்தது. தமிழ்நாட்டு அரசும் 10 கோடி ரூபாய் கொடுத்தது. அந்த ஆண்டு ஹார்வர்டின் மூலதன நிதி ஏறத்தாழ 3,900 கோடி டாலர்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த இருக்கையில் இன்று சங்க இலக்கியத்தில் ஆழ்ந்த புலமையுள்ள ஒருவர் அமர்ந்திருக்கிறார். நல்லது. ஹார்வர்டு என்ற பெயர் தமிழுக்குச் சில கதவுகளைத் திறக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே போய் அந்த வகுப்பில் உட்காரப்போகிறார்கள்? நாம் வாங்கியது வகுப்பறையா, பெயர்ப் பலகையா? கோவில் உபயத்தில் ட்யூப்லைட்டில் பெயர் எழுதிக் கொடுப்போமே, வெளிச்சத்தைவிடப் பெயர் பெரிதாக இருக்கும்.

இதே சிகாகோவில் லிதுவேனியர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். இறைச்சித் தொழிற்சாலைகளில் வேலை செய்ய வந்தவர்கள் ஒரு தலைமுறை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சோவியத் படைக்குத் தப்பி அகதிகளாக வந்தவர்கள் இன்னொரு தலைமுறை. சொந்த நாடு உலக வரைபடத்தில் தனிநாடாக இல்லை. மொழி பிள்ளைகளோடு போய்விடுமோ என்ற பயம். இந்த வரிகளை வாசிக்கும் ஈழத்தமிழர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. 1980களின் முதல் பாதியில் அவர்கள் தங்களுக்குள் பணம் சேர்த்து லிதுவேனிய மொழிக்கும் இலக்கியத்துக்கும் ஒரு இருக்கை அமைத்தார்கள். ராக்ஃபெல்லரின் பல்கலைக்கழகத்தில் இல்லை. யு.ஐ.சி.யில். ஏன்? தங்கள் பிள்ளைகள் ரயிலேறிப் போய்ப் படிக்கும் இடம் அதுதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாடு விடுதலை கேட்டு எழுந்த 1990-ல், சிகாகோவில் லிதுவேனிய இலக்கியம் படித்த மாணவர்கள் இருந்தார்கள்.

டொராண்டோக்காரர்களும் இதைப் புரிந்துகொண்டவர்கள்தான். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்தில் 30 லட்சம் டாலரில் தமிழ் இருக்கை 2021-ல் உறுதியானது. ஸ்கார்பரோவும் 1960களில் கான்கிரீட்டில் எழுந்த அரசுப் பல்கலைக்கழக வளாகம். சுற்றிலும் தமிழர்கள். பிள்ளைகள் பஸ்ஸில் போகிறார்கள். அங்கே ஒரு தமிழ் வகுப்பு நடந்தால், உட்கார ஆள் இருக்கும். அமெரிக்காவில் இருக்கும் நாம் அதைப் பார்த்துக் கைதட்டினோம், பிறகு நம் பிள்ளைகளுக்குத் தரவரிசைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

இந்தத் தரவரிசை என்ற கூத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் வேதவாக்காக இருக்கும் அந்தப் பட்டியலில், எத்தனை பேரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள் என்பதற்கே பல ஆண்டுகள் மதிப்பெண் இருந்தது. 2018-ல்தான் அதை எடுத்தார்கள். எடுத்தாலும் நம் மனதிலிருந்து போகவில்லை. நூறு பேர் விண்ணப்பித்தால் ஐந்து பேரை எடுப்பது பெரிய பல்கலைக்கழகம், எழுபத்தைந்துக்கு மேல் எடுப்பது சின்னது. எத்தனை நோயாளிகளை வாசலிலேயே விரட்டினார்கள் என்று பார்த்து ஒரு ஆஸ்பத்திரியை யாராவது மெச்சுவார்களா?

இதைச் சொல்லும்போது நம்மில் பலருடைய சொந்தக் கதையும் எனக்கு நினைவுக்கு வருகிறது. அந்த அக்கா கோயம்புத்தூரில் அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். அவர் கணவர் கிண்டியில். நான் படித்த கல்லூரியில் ஒரு ஆண்டுக் கட்டணம், அம்மா வீட்டில் ஒரு மாத மளிகைக் கணக்கைவிடக் குறைவு. இட ஒதுக்கீடு, இலவச பஸ் பாஸ், சத்துணவு என்று ஏதோ ஒரு அரசுக் கையைப் பிடித்துத்தான் எங்களில் பெரும்பாலானோர் விமானம் ஏறினோம். ஏறி இறங்கிய பிறகு, எல்லாருக்கும் திறந்த கதவு என்றால் நமக்குக் கௌரவக் குறைச்சலாகிவிடுகிறது. சொத்து வரி ஏறினால் கூட்டம் போட்டுக் கத்துகிறோம். மாநிலம் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைத்தால் நமக்குச் செய்தியே இல்லை.

பல்கலைக்கழக நிர்வாகமும் சும்மா இல்லை. அதற்கும் மேலே ஏறவேண்டும் என்ற ஆசை இருக்கிறது. கட்டடங்கள் உயர்கின்றன, வகுப்பெடுப்பவர்களின் சம்பளத்துக்கு மட்டும் இழுபறி. 2014-லும் 2023-லும் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2023-ல் அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்று மாணவர்களின் மனநலத்துக்கு முறையான உதவி. தங்கள் சம்பளப் பேச்சில் மாணவர்களுக்காகவும் கேட்ட ஆசிரியர்கள் இருக்கும் இடம் என்பதை அந்த அக்காவிடம் யாராவது சொல்லுங்கள். 2019-ல் ஒரு தனியார் சட்டக் கல்லூரியைச் சேர்த்துக்கொண்டு, சிகாகோ நகரத்துக்கு முதல் அரசுச் சட்டக் கல்லூரியைக் கொடுத்ததும் இதே பல்கலைக்கழகம்தான். அமெரிக்காவின் மூன்றாவது பெரிய நகரத்துக்கு அதுவரை அப்படி ஒன்று இல்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. யு.ஐ.சி.யில் தமிழ் இருக்கை இல்லை. லட்சங்களில் இருக்கை வேண்டாம், முதலில் ஒரு வகுப்பு. வாரம் இரண்டு மாலை, எழுத்துத் தெரியாத நம் பிள்ளைகளுக்கும், தமிழ் கேள்விப்பட்டேயிராத மெக்சிகப் பிள்ளைக்கும் சேர்த்து. ஒரு ஆசிரியரின் சம்பளத்துக்குச் சில ஆண்டுகள் நாம் பொறுப்பேற்றுக்கொண்டால் பேசிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கூடவே, மாநிலச் சட்டமன்றத்தில் உயர்கல்விக்கான பணம் வெட்டப்படும்போது, எங்கள் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள் என்று சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம். இதை ஒரு மனுவாக எழுதிச் செயற்குழுக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். “நல்ல யோசனைதான், ஆனா அவங்க ரேங்க் என்னன்னு முதல்ல பார்க்கணும்” என்றார் ஒருவர். இன்னொருவர் ஹார்வர்டுக்குக் கொடுத்த ரசீது வருமான வரிக்கு உதவியது என்று நினைவுகூர்ந்தார். அன்று கையெழுத்துப் போட்டவர்கள் 11 பேர். அதில் நான்கு பேர் அங்கே படிக்கும் பிள்ளைகள். என் மகன் முதல் ஆள்.

மறுநாள் அந்த அக்காவுக்கு போன் செய்தேன். அன்றைக்குச் சொன்னது பொய், அவனுக்கு அர்பானா கிடைக்கவில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அதனால என்னம்மா, எங்க படிச்சா என்ன” என்றார். அப்படியென்றால் மனுவில் கையெழுத்துப் போடுகிறீர்களா என்று கேட்டேன். வீட்டில் அவரைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.